அமெரிக்காவில் கருத்தடை ‘இலவசம்’ என்கிறார்கள்: பில் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

1,240 டாலர். ஐயூடி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டு வந்த ஆறாவது வாரம் தபால் பெட்டியில் கிடந்த பில்லில் இருந்த தொகை இது. “இங்கே கருத்தடைக்குக் காசே கிடையாது, அதுக்குச் சட்டமே இருக்கு” என்று அதற்கு முன் எனக்குச் சொல்லாத தோழி கிடையாது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணுக்கும் அதே டாக்டர், அதே ஐயூடி, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கார்டுதான். அவருக்கு ஒரு சென்ட்கூட ஆகவில்லை.

அந்த 1,240-ஐப் பூஜ்யம் ஆக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் கற்றுக்கொண்டதை, எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் புதிதாக வந்து இறங்கியிருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸ் பக்கம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை.

முதலில் அடிப்படை விதி. 2010-ல் வந்த ஏசிஏ (‘ஒபாமாகேர்’) சட்டப்படி பெரும்பாலான இன்ஷூரன்ஸ் பிளான்கள், டாக்டர் எழுதித் தரும் பெண்களுக்கான கருத்தடைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. டிடக்டிபிள் (வருடத்தில் முதலில் நீங்களே கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) கழியாமல் இருந்தாலும் சரி, கோபேவும் (ஒவ்வொரு தடவையும் உங்கள் பங்காகக் கட்டும் சிறு தொகை) கிடையாது. மாத்திரை, பேட்ச், ரிங், மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் இம்ப்ளான்ட், காப்பர் ஐயூடி, ஹார்மோன் ஐயூடி, அவசர மாத்திரை, பெண்ணுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் எல்லாம் இதில் வரும். ‘பெரும்பாலான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1. கார்டில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, பிளான் எந்த வகை என்று பாருங்கள்

ஒரே கம்பெனியின் சின்னம் போட்ட இரண்டு கார்டுகளுக்குப் பின்னால் இரண்டு வேறு விதிகள் இருக்கும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் மருத்துவச் செலவை வேலை கொடுக்கும் கம்பெனியே ஏற்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கும். இதற்கு செல்ஃப்-ஃபண்டட் பிளான் என்று பெயர். மாநிலச் சட்டம் எதுவும் இதைக் கட்டுப்படுத்தாது, மத்தியச் சட்டம் மட்டும்தான். சிறிய கம்பெனிகள் பெரும்பாலும் இன்ஷூரன்ஸை அப்படியே விலைக்கு வாங்குகின்றன. இது ஃபுல்லி-இன்ஷூர்டு பிளான். அதற்கு மத்தியச் சட்டமும் உண்டு, மாநிலச் சட்டமும் உண்டு.

எப்படித் தெரிந்துகொள்வது? டெக்சாஸில் சுலபம். கார்டில் ‘டிடிஐ’ (TDI) அல்லது ‘டிஓஐ’ (DOI) என்ற மூன்று ஆங்கில எழுத்து இருந்தால் அது மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள பிளான். மற்ற இடங்களில் எச்ஆரிடம் ஒரே ஒரு வரி மெயில் போடுங்கள்: “நம் பிளான் செல்ஃப்-ஃபண்டடா, ஃபுல்லி-இன்ஷூர்டா?” கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: “இது கிராண்ட்ஃபாதர்டு பிளானா?” 2010 மார்ச் 23-க்கு முன்பே இருந்து பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் பிளான் என்று அதற்கு அர்த்தம். அவற்றுக்கு இந்த இலவச விதி கிடையாது. இப்போது அபூர்வம்தான், ஆனால் அறவே இல்லாமல் போய்விடவில்லை.

புதிதாக வருபவர்கள் விழும் குழிகள் இன்னும் மூன்று உண்டு. மத அமைப்புகள் நடத்தும் மருத்துவமனை, கல்லூரிகளில் வேலை என்றால் (நம் ஊர் நர்ஸ்களும் ஐடி ஆட்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்) அந்த பிளானில் கருத்தடையே இல்லாமல் இருக்கலாம். ஆஃபர் லெட்டரில் இதை யாரும் எழுத மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது மாணவர்கள். பல்கலைக்கழகம் தரும் பிளான் விலை அதிகம் என்று வெளியே மலிவாக ஒன்றை வாங்கி ‘வேவர்’ (பல்கலைக்கழக பிளான் வேண்டாம் என்ற விண்ணப்பம்) போடுவது வழக்கம். அந்த மலிவு பிளான்களில் பல ஏசிஏ விதிக்கு உட்பட்டவை அல்ல. செமஸ்டருக்குச் சில நூறு டாலர் மிச்சம் பிடித்துவிட்டு மாத்திரைக்கும் டாக்டருக்கும் முழுக் காசு கொடுத்த தங்கைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

கடைசியாக, வேலையில் சேரும்வரை சமாளிக்க வாங்கும் டிராவல் இன்ஷூரன்ஸ், ஷார்ட்-டெர்ம் பிளான். இந்த விஷயத்தில் அவற்றை நம்பவே நம்பாதீர்கள்.

2. பிராண்டைத் தீர்மானிக்கும் முன் மருந்துப் பட்டியலைத் திறங்கள்

ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஒன்றாவது இலவசமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எல்லா பிராண்டும் இலவசம் என்று எங்கும் சொல்லவில்லை. ஹார்மோன் ஐயூடியில் மிரேனாவை ஒரு பிளான் முழுதாக ஏற்கும், இன்னொன்று லைலெட்டாவை மட்டும் ஏற்கும். மாத்திரையில் ஜெனரிக் இலவசம், பிராண்டுக்கு மாதம் 40 டாலர் என்று இருக்கும். ஐயூடியின் விலை மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதால் இங்கே தப்பு செய்தால் வலிக்கும்.

இன்ஷூரன்ஸ் வெப்சைட்டில் ‘ஃபார்முலரி’ என்று தேடினால் பட்டியல் கிடைக்கும். உங்கள் மருந்துக்கு நேரே ‘பூஜ்யம்’ அல்லது ‘பிரிவென்டிவ்’ (நோய்த் தடுப்பு) என்று இருக்கிறதா பாருங்கள். பட்டியலில் இல்லாத பிராண்டுதான் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னால், பிளான் அதை ஏற்று விதிவிலக்கு தர வேண்டும். டாக்டர் ஆபீஸிலிருந்து ‘எக்ஸெப்ஷன் ரிக்வெஸ்ட்’ அனுப்பச் சொல்லுங்கள். மருந்து வாங்கிய பிறகு கேட்டால் இழுபறிதான்.

மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும்போது இந்த மத்திய விதி துணைக்கு வராது. அவசர மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துப் போய்க் காசு கொடுத்தால் காசு போனதுதான். அதே மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கி ஃபார்மசி கவுன்ட்டரில் கொடுத்தால் பூஜ்யம். 2024-லிருந்து சீட்டில்லாமல் கிடைக்கும் தினசரி மாத்திரையான ஓபில், மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 50 டாலர். இன்ஷூரன்ஸே இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி. கலிஃபோர்னியாவில் மாநிலக் கட்டுப்பாட்டு பிளான் என்றால் சீட்டில்லாமல் வாங்குவதற்கும் கவரேஜ் உண்டு.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. டெக்சாஸில் மாநிலக் கட்டுப்பாட்டு பிளான்கள் 2024-லிருந்து முதல் தடவை மூன்று மாத மாத்திரையும், அடுத்த தடவை முதல் ஒரு வருட மாத்திரையும் சேர்த்துத் தர வேண்டும். ஃபார்மசியில் தாமாகத் தர மாட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு என்று டாக்டரே சீட்டில் எழுத வேண்டும்.

3. போன் செய்யும்போது கையில் எண்கள் இருக்கட்டும்

“ஐயூடிக்கு கவரேஜ் உண்டா?” என்று நான் கேட்டேன். “உண்டு மேடம்” என்றார்கள். அந்த பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் கவரேஜ் உண்டு என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. டிடக்டிபிள் போக மீதியைத் தருவதும் அவர்கள் கணக்கில் கவரேஜ்தான்.

டாக்டர் ஆபீஸின் பில்லிங் ஆளிடம் முதலில் கோடுகளை (பில்லில் போடும் குறியீட்டு எண்களை) வாங்குங்கள். ஐயூடி பொருத்துவது 58300, எடுப்பது 58301. மிரேனா என்றால் ஜே7298, பாராகார்ட் என்ற காப்பர் ஐயூடி என்றால் ஜே7300. எதற்காக என்று சொல்லும் கோடு தனி: ஐயூடி பொருத்த வந்ததற்கு இசட்30.430. இவற்றை வைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டு இப்படிக் கேளுங்கள்: “இந்த டாக்டர் நெட்வொர்க்கில் (பிளானோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) இருக்கிறாரா? இந்த மூன்று கோடுகளும் பிரிவென்டிவ் என்று பூஜ்யத்தில் வருமா? ப்ரீ-ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) தேவையா? அன்றைக்கு எடுக்கும் பிரெக்னன்சி டெஸ்டுக்குத் தனியாக பில் வருமா?” கருத்தடை சாதனம் பொருத்த அவசியமான டெஸ்டும் மயக்க மருந்தும்கூட இலவசத்தில் சேரும் என்று மத்திய அரசுத் துறைகள் 2022-லேயே விளக்கம் தந்திருக்கின்றன. இதைச் சொன்னால் மறுமுனையில் பேசுகிறவரின் தொனியே மாறும்.

பேசி முடிக்கும்போது தேதி, பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் நம்பர் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அதே கேள்வியை வெப்சைட்டின் மெசேஜ் பெட்டியில் எழுதிக் கேட்பது. எழுத்தில் வந்த பதில்தான் பின்னால் கை கொடுக்கும். ஆங்கிலத்தில் தயக்கமா, “தமிழ் இன்டர்பிரட்டர்” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பாடு செய்துவிடுவார்கள். நான் கேட்டபோது பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

4. டாக்டர் அறையில் என் 1,240 டாலர் போன விதம்

“வேறு ஏதாவது பிரச்சினை உண்டா?” என்று டாக்டர் கேட்டார். மாதவிலக்கில் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம் என்றேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். அவ்வளவுதான் நடந்தது. பில்லில் முதல் காரணமாகப் போய் உட்கார்ந்தது என்92.0, அதாவது அதிக ரத்தப்போக்கு. கருத்தடைக்குப் போட்ட ஐயூடி அந்த ஒரு கோடினால் நோய்க்கான சிகிச்சை ஆகிவிட்டது. சிகிச்சை என்றால் டிடக்டிபிள். எதிர் வீட்டுப் பெண்ணும் நானும் வேறுபட்டது இந்த ஒரு வரியில்தான் என்று பின்னால் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் உடம்பைப் பற்றி எதையும் மறைக்காதீர்கள். சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “நான் வந்தது கருத்தடைக்காக, அதுவே முதல் கோடாகப் போகட்டும்” என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளியே வரும்போது அன்றைய கோடுகள் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தலைவலி, தைராய்டு என்று பேசினால் அதற்குத் தனியாக ஆபீஸ் விசிட் பில் வரும், அது நியாயமும்கூட. அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பாது.

5. பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொள்வதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே பேசுங்கள்

ஊரில் இரண்டாவது சிசேரியன் என்றாலே “கையோட கு.க. பண்ணிடலாமா?” என்று நர்ஸம்மாவே கேட்பார். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். முக்கியமாக, கத்தோலிக்க மருத்துவமனை என்றால் உங்கள் இன்ஷூரன்ஸ் பணம் தரத் தயாராக இருந்தாலும் அங்கே அந்த ஆபரேஷனைச் செய்ய மாட்டார்கள். டாக்டர் செய்யத் தயாராக இருந்தும் மருத்துவமனை விடாது. ஏழாம் மாதத்துக்கு முன்பே, “நீங்கள் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் டியூபல் (கு.க. ஆபரேஷன்) செய்வார்களா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லை என்றால் மருத்துவமனையை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.

செலவு விஷயத்தில் ஒரு சிக்கல். பிரசவத்துக்கு டிடக்டிபிளும் உங்கள் பங்கும் உண்டு, ஆபரேஷனுக்குப் பூஜ்யம். ஒரே நாளில், ஒரே அறையில் நடப்பதால் மருத்துவமனை இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். சிசேரியனோடு செய்யும் ஆபரேஷனுக்கு 58611 என்று தனிக் கோடும், இசட்30.2 என்ற காரணக் கோடும் இருக்கின்றன. ஐட்டம்வாரியான பில் கேட்டு வாங்கி, இவை தனி வரியில் இருக்கின்றனவா பாருங்கள். மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) பணம் தருவதாக இருந்தால் ஆபரேஷனுக்குக் குறைந்தது 30 நாள் முன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லை என்பதற்காகவே ஆபரேஷன் தள்ளிப்போன கதைகள் நிறைய.

தாய்ப்பால் எடுக்கும் பம்பும் இதே சட்டத்தில் இலவசம்தான். எல்லோரும் கேட்டு வாங்குங்கள்.

6. கணவருக்கு என்றால்

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனான வாசெக்டமியும் ஆணுறையும் மத்திய விதியில் இல்லை. எளிய, சின்ன ஆபரேஷனுக்குக் காசு, வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனுக்கு இலவசம்! யார் உட்கார்ந்து போட்ட கணக்கோ. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் கட்டுப்பாட்டு பிளான்களில் வாசெக்டமியையும் இலவசமாக்கியிருக்கின்றன. மற்றவர்கள் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் ஒதுக்கி வைக்கும் கணக்குகள்) பணத்தை இதற்குப் பயன்படுத்தலாம். ஆணுறை வாங்கவும் அந்தப் பணம் செல்லும் என்று 2024-ல் வரித்துறையான ஐஆர்எஸ் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரசீதை மட்டும் வைத்திருங்கள்.

7. குழந்தைக்காகச் சிகிச்சை என்றால் விதி தலைகீழ்

இங்கே மத்திய விதி ஒன்றும் கிடையாது, எல்லாம் மாநிலமும் பிளானும்தான். நியூயார்க்கில் பெரிய குழு பிளான்களில் (பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்காக வாங்குபவை) மூன்று ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) சைக்கிள் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நியூஜெர்சியிலும் சட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் பெரிய குழு பிளான்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து. டெக்சாஸில் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஐவிஎஃப் கவரேஜை விற்க முன்வந்தால் போதும், வேலை கொடுப்பவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். செல்ஃப்-ஃபண்டட் பிளானை இந்த மாநிலச் சட்டங்கள் எதுவும் தொடாது.

பிளான் புத்தகத்தில் ‘இன்ஃபெர்ட்டிலிட்டி: கவர்டு’ என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். காரணம் கண்டுபிடிக்கும் டெஸ்டுக்கு மட்டும் பணம், சிகிச்சைக்கு இல்லை என்பதே பல பிளான்களில் நிலை. ஆயுள் முழுவதற்கும் சேர்த்து டாலர் வரம்பு எவ்வளவு, மருந்து அதற்குள் வருமா, தனி மருந்து பிளானிலா என்ற இரண்டையும் கேட்காமல் முதல் அப்பாயின்ட்மென்ட் போடாதீர்கள். நவம்பர் மாத ஓபன் என்ரோல்மென்ட்டில் (அடுத்த வருட பிளானைத் தேர்ந்தெடுக்கும் நேரம்) கணவன், மனைவி இருவர் கம்பெனி பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

8. ஈஓபி வந்ததும் படியுங்கள், பில்லை உடனே கட்டாதீர்கள்

முதலில் வரும் தாள் ஈஓபி. அது பில் கிடையாது. இன்ஷூரன்ஸ் எதற்கு எவ்வளவு தந்தது என்று சொல்லும் கணக்கு. ‘உங்கள் பொறுப்பு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒரு சிறு காரண எண் இருக்கும், அடியில் அதற்கு விளக்கம் இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கருச்சிதைவு ஆனவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. தமிழில் கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு. இங்கத்திய மருத்துவக் கோடில் இரண்டுக்கும் ‘அபார்ஷன்’தான். தானாகக் கலைந்ததற்கு ‘ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்’, வயிற்றிலேயே நின்றுபோனதற்கு ‘மிஸ்டு அபார்ஷன்’. பத்து வாரக் கருவை இழந்த என் தோழி ஒருத்தி, மூன்றாவது வாரம் வந்த ஈஓபியில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, “நான் எதுவும் பண்ணலையே” என்று அழுதாள். டெக்சாஸில் சாதாரண பிளான்கள் கருக்கலைப்புக்குப் பணம் தருவதில்லை என்பதால் அவளுடைய டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) கிளெய்மையும் அதே கட்டத்தில் தள்ளி மறுத்திருந்தார்கள். கருவில் உயிர் போன பிறகு எடுப்பதும், குழாய்க் கர்ப்பத்தை எடுப்பதும் கருக்கலைப்பு ஆகாது என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது. ஸ்கேன் அறிக்கையோடு டாக்டரின் கடிதத்தை அனுப்பியதும் கிளெய்மை ஏற்றார்கள்.

இன்னொன்று, எச்-4ல் இருப்பவர்களுக்கு. இன்ஷூரன்ஸ் கணவர் பெயரில் இருந்தால் உங்கள் ஈஓபியும் அவர் பெயருக்கே போகும், அவருடைய லாகினிலும் தெரியும். அது உங்களுக்கு ஆபத்து என்றால் ‘கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன்’ படிவம் கேளுங்கள். தெரிந்தால் ஆபத்து என்று எழுதினால், நியாயமான வேறு முகவரிக்கோ வேறு வழியிலோ அவர்கள் அனுப்பியாக வேண்டும். கலிஃபோர்னியாவில் இந்தப் பாதுகாப்பு இன்னும் பலமானது. டாக்டரிடம் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

9. மறுத்தால்: முதலில் டாக்டர் ஆபீஸ், அப்புறம் அப்பீல்

என் விஷயத்தில் அப்பீல் போனது வீண் வேலை. மூன்று மாதம் இன்ஷூரன்ஸோடு மல்லுக்கட்டினேன். அவர்கள் வந்த கோடின்படி சரியாகத்தான் செய்திருந்தார்கள். டாக்டர் ஆபீஸ் பில்லிங்கில் ஒரு அம்மாள், “கரெக்டட் கிளெய்ம் அனுப்பறேன், அவ்வளவுதானே?” என்றார். இசட்30.430 முதலில், என்92.0 இரண்டாவது. நாலு வாரத்தில் பூஜ்யம். எனவே கோடு தப்பா, இல்லை பிளானே மறுக்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் “கிளெய்ம் விசாரணையில் இருக்கிறது, கலெக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள்” (அதாவது, கடன் வசூலிக்கும் ஏஜென்சியிடம் விடாதீர்கள்) என்று கிளினிக்குக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பிளானே மறுத்தால் 180 நாளுக்குள் உள் அப்பீல். மறுப்புக் கடிதம், கோடுத் தாள், ஃபார்முலரி பக்கம், டாக்டர் கடிதம், போன் ரெஃபரன்ஸ் நம்பர்களை இணையுங்கள். சிகிச்சை இன்னும் நடக்கவில்லை என்றால் 30 நாளிலும், நடந்து முடிந்திருந்தால் 60 நாளிலும், அவசரம் என்றால் 72 மணி நேரத்திலும் பதில் வர வேண்டும். அதிலும் மறுத்தால், மருத்துவத் தேவை சம்பந்தப்பட்ட மறுப்புகளுக்கு வெளி ஆட்கள் பார்க்கும் எக்ஸ்டர்னல் ரிவ்யூ உண்டு. கெடு நான்கு மாதம். எங்கே புகார் சொல்வது என்பதற்குத்தான் முதல் படியில் பிளான் வகையைத் தெரிந்துகொள்ளச் சொன்னேன். செல்ஃப்-ஃபண்டட் என்றால் மத்தியத் தொழிலாளர் துறையின் எப்சா, 1-866-444-3272. போன் செய்தால் ஆள் பேசுகிறார், கட்டணம் இல்லை. மாநிலக் கட்டுப்பாட்டு பிளான் என்றால் மாநில இன்ஷூரன்ஸ் துறை.

10. வேலை மாறும்போது

புதுக் கம்பெனி, புது பிளான், புது ஃபார்முலரி. பழைய இடத்தில் கட்டிய டிடக்டிபிள் பொதுவாகக் கூட வராது. ஐயூடியோ ஆபரேஷனோ திட்டமிட்டிருந்தால் பழைய பிளான் எந்தத் தேதியில் முடிகிறது என்று எச்ஆரிடம் கேளுங்கள். சில இடங்களில் கடைசி வேலை நாள், சில இடங்களில் மாதக் கடைசி. நடுவில் இடைவெளி விழுந்தால் கோப்ராவை (பழைய கம்பெனி பிளானையே சொந்தக் காசில் தொடரும் வழி) தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. எடுத்தால் விட்ட நாளிலிருந்தே செல்லும், ஆனால் அந்த மாதங்களின் முழு பிரீமியத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். லே-ஆஃப் ஆனவர்கள் ஒரு வாரம் பொறுத்து, தேவை வருகிறதா என்று பார்த்து எடுப்பதும் உண்டு.

ஐயூடி ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் புது பிளானில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 58301. எடுப்பதும் இலவசத்தில் சேர்ந்ததே. பாராகார்ட் என்றால் பத்து வருடம், மிரேனா என்றால் எட்டு வருடம். அதற்குள் எத்தனை கம்பெனி மாறியிருப்போமோ! போட்ட தேதியும் பிராண்டும் எழுதிய அந்தச் சின்ன அட்டையை பாஸ்போர்ட் வைக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.